கரை ஒதுங்கிய தாழை

பாம்பன் தீவில் வாழ்பவர்களுக்கு இரண்டு கடல்கள் உண்டு. வடக்கே இருக்கும் பாக் விரிகுடா அவர்கள் பேச்சில் வடகடல். தெற்கே இருக்கும் மன்னார் வளைகுடா தென்கடல். வாடைக்காற்று வீசும் மாதங்களில் வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் அடங்கிக் கிடக்கும். தென்மேற்குப் பருவத்தில் முறை மாறும். எந்தக் கடல் கொந்தளிக்கிறதோ அந்தக் கரையில் மறுநாள் காலையில் பழுப்பும் கரும்பச்சையுமாக, நாடாவைப் போலவும் ஊசியைப் போலவும் இலைகள் வரிவரியாக ஒதுங்கியிருக்கும். வெளியூரிலிருந்து வருபவர் அதைப் ‘பாசி’ என்பார். கடலோரத்தில் பிறந்தவர் அப்படிச் சொல்வதில்லை. அவருக்கு அது தாழை. பாசி வேறு, தாழை வேறு.

அகராதிக்கு இது சிறிய விஷயமாகத் தோன்றலாம். தாவரவியலுக்கு அப்படி அன்று. பாசிக்கு வேர் இல்லை, பூ இல்லை, விதை இல்லை. தாழை எனப்படும் கடற்புல்லுக்கு மூன்றும் உண்டு. நிலத்தில் தோன்றிய பூக்கும் தாவரங்களின் ஒரு சில கிளைகள், டைனோசர்கள் உலவிய காலத்தில், மீண்டும் கடலுக்குள் இறங்கின. அவற்றின் வழிவந்ததே இன்றைய கடற்புல். கரையோரத் தாழம்புதரின் வாள் போன்ற இலையைக் கண்டு பழகிய கண், நீருக்கடியிலும் அதே வடிவைக் கண்டு அதே பெயரைக் கொடுத்திருக்க வேண்டும். தமிழ்நாடு உள்ளிட்ட கிழக்குக் கரையின் 40 மீனவச் சமூகங்களிடையே நடத்தப்பட்டு 2011-இல் வெளியான ஓர் ஆய்வு, கடற்புற்களைப் பற்றி அம்மக்களிடம் படிநிலை கொண்ட ஒரு வகைப்பாடே இருப்பதைப் பதிவு செய்தது. உணவு, மருந்து, உரம், தீவனம் என அவற்றின் பயன்களும் அதில் இடம்பெற்றன. ஆயினும் கரை ஒதுங்கும் கடற்புல்லைப் பற்றி இன்றும் எழுதப்படும் செய்திகளில் பாசியும் தாழையும் ஒன்றாகவே குழம்பிக் கிடக்கின்றன.

இந்தக் குழப்பம் தமிழுக்கு மட்டும் உரியதன்று. ‘ஆல்கா’ என்ற இலத்தீன் சொல்லே தொடக்கத்தில் கரையில் ஒதுங்கும் எல்லாச் செத்தைகளையும் குறித்தது. கடற்புல்லும் அதில் அடக்கம். 17ஆம் நூற்றாண்டின் தாவர நூல்களில் ‘கண்ணாடிக்காரர்களின் ஆல்கா’ என்ற பொருளில் ஒரு பெயர் காணப்படுகிறது. கண்ணாடிக் கலங்கள் உடையாமல் இருக்க, காய்ந்த கடற்புல்லைச் சுற்றிப் பொதிந்து அனுப்பும் வழக்கத்திலிருந்து வந்த பெயர் அது. 1753-இல் லின்னேயஸ் ‘சோஸ்டெரா மரீனா’ என்று பெயரிட்டு, அதைப் பூக்கும் தாவரங்களின் வரிசையில் வைத்தார். ‘சோஸ்டெர்’ என்றால் கிரேக்கத்தில் இடைக்கச்சை. அந்தப் பெயரும் இலை வடிவத்திலிருந்தே பிறந்தது. ஐரோப்பிய நூலறிவு பாசியிலிருந்து கடற்புல்லைப் பிரித்தெடுக்கப் பட்ட பாட்டைப் பார்த்தால், பாக் விரிகுடாவின் தாழை என்ற சொல் எவ்வளவு சிக்கனமாக அந்த வேலையைச் செய்திருக்கிறது என்பது விளங்கும்.

பிரிவினை முக்கியமாவதற்குக் காரணம் வேதியியல். பாசியிலிருந்து மனிதர் எடுப்பது பெரும்பாலும் அகார், அல்ஜினேட், கராகீனன் போன்ற கூழ்ப்பொருள்கள். கடற்புல்லோ நிலத்துச் செடிகளின் உறவு. துளசியிலும் கற்பூரவல்லியிலும் இருக்கும் வகையான பீனால் சேர்மங்கள் அதில் உண்டு. நிலத்தில் கற்ற அந்த வித்தையைக் கடலுக்குள் சென்ற பின்னும் அது மறக்கவில்லை, கடலுக்கேற்ப மாற்றிக்கொண்டது. 2016-இல் சோஸ்டெரா மரீனாவின் முழு மரபணுத்தொகுதி வெளியிடப்பட்டபோது ஒரு விந்தையும் வெளிப்பட்டது. இலைத்துளைகளை உண்டாக்கும் மரபணுக்களை அது இழந்திருந்தது; பாசிகளின் செல்சுவரில் இருப்பது போன்ற சல்ஃபேட் ஏறிய சர்க்கரைத் தொடர்களை உண்டாக்கும் திறனை மீண்டும் பெற்றிருந்தது. பெயரளவில் பாசியல்லாதது, பழக்கத்தில் கொஞ்சம் பாசியைப் போல ஆகியிருக்கிறது.

கரை ஒதுங்கியதற்கு ஒரு பழைய பொருளாதாரமும் உண்டு. ஆனால் அது சேர்மங்களின் பொருளாதாரம் அன்று. டென்மார்க்கின் லேசோ தீவில் உப்புக் காய்ச்சுவதற்காகக் காடுகள் அழிக்கப்பட்ட பின், வீடுகளுக்குக் கூரை வேய வைக்கோலுக்குப் பதில் ஒதுங்கிய கடற்புல்லைத் திரித்துக் கட்டினார்கள். கனத்த அந்தக் கூரைகள் தலைமுறைகளைத் தாண்டி நின்றன. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாஸ்டன் நகரின் சாமுவேல் கேபட் நிறுவனம், உலர்ந்த கடற்புல்லை இரண்டு தாள்களுக்கு நடுவே வைத்துத் தைத்து, சுவர்களுக்குள் வைக்கும் வெப்பத் தடுப்பு மெத்தையாக விற்றது. எளிதில் தீப்பற்றாது, அழுகாது, பூச்சி அண்டாது என்பதே அதன் விற்பனைச் சொல். இந்த மூன்று குணங்களையும் பயன்படுத்திய தலைமுறை, அவற்றுக்குப் பின்னால் இலைக்குள் என்ன இருக்கிறது என்று பெரிதாகக் கேட்கவில்லை. 1930களின் தொடக்கத்தில் ஒரு நோய் வட அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும் சோஸ்டெரா படுகைகளின் பெரும்பகுதியை அழித்தது. கரையில் ஒதுங்குவதற்கே எதுவும் இல்லாமல் போனது.

இலைக்குள் என்ன இருக்கிறது என்ற கேள்விக்கான முதல் விடைகளில் ஒன்று ஆஸ்திரேலியப் புல்லிலிருந்து வந்தது. தென் ஆஸ்திரேலியாவின் ஸ்பென்சர் வளைகுடாவில் பொசிடோனியா ஆஸ்ட்ராலிஸ் என்ற கடற்புல்லின் நாரை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொழில்முறையில் எடுத்துவந்தார்கள். அது கரையில் ஒதுங்கியதன்று, கடலடி மணலில் புதைந்திருந்ததைத் தோண்டி எடுத்தது. 1954-இல் பிரிட்டிஷ் வேதியியலாளர் மூவர் அந்தத் தாவரத்திலிருந்து அப்பியோஸ் என்ற அபூர்வச் சர்க்கரையைப் பிரித்தெடுத்தனர். அதுவரை அந்தச் சர்க்கரை அறியப்பட்டது பார்ஸ்லிக் கீரையில். அதன் பெயரே அக்கீரையின் இலத்தீன் பெயரிலிருந்து வந்தது. தோட்டத்துக் கீரையும் கடலடிப் புல்லும் ஒரே சர்க்கரையை வைத்திருந்தன. 1960களில் விளாதிவஸ்தோக்கின் ஆய்வாளர்கள், சோஸ்டெராவின் பெக்டினில் இந்த அப்பியோஸ் கிளைகளாகத் தொங்குவதையும், அதனாலேயே சாதாரணப் பெக்டினைச் சிதைக்கும் நொதிகளுக்கு அது எளிதில் மசியாமல் நிற்பதையும் விளக்கினர். சோஸ்டெரின் என்று பெயர் பெற்ற அந்தப் பெக்டின் கன உலோகங்களைப் பற்றிக்கொள்ளும் தன்மையால் பின்னர் ரஷ்ய மருத்துவ ஆய்வுகளில் இடம்பிடித்தது.

பீனால்களின் கதை சற்றுப் பிந்தியது. 1976-இல் ஹார்போர்னும் வில்லியம்ஸும் கடற்புற்களில் சல்ஃபேட் ஏறிய ஃபிளேவோன்கள் இருப்பதைக் காட்டினர். 1993-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சோஸ்டெரா மரீனாவிலிருந்து சோஸ்டெரிக் அமிலத்தை முன்வைத்தனர். அதன் கட்டமைப்பு எளிமையானது: நிலத்துத் தாவரங்களில் சர்வசாதாரணமாக இருக்கும் கூமாரிக் அமிலத்தில் ஒரு சல்ஃபேட் குழு ஒட்டியிருக்கிறது. அதன் வேலை வியப்பானது. பாக்டீரியாவும் கொட்டலசும் ஒரு பரப்பில் ஒட்டிக்கொள்ள வருகையில் அது அவற்றைக் கொல்வதில்லை, ஒட்டவிடாமல் செய்கிறது. கப்பலின் அடிப்பாகத்தில் உயிரினங்கள் படியாமல் இருக்க அந்நாளில் பூசப்பட்ட வெள்ளீயச் சாயங்கள் சிப்பிகளையும் நத்தைகளையும் ஊனப்படுத்துவது தெரிந்திருந்த காலம் அது. கொல்லாமல் விலக்கும் ஒரு பொருள் புல்லுக்குள் கிடைத்தது என்பதை எல்லோரும் கவனித்தார்கள். 1998-இல் கரீபியக் கடற்புல்லான தலாசியா டெஸ்டுடினத்திலிருந்து, பூஞ்சை போன்ற நுண்ணுயிர்களை எதிர்க்கும் ஒரு சல்ஃபேட் ஃபிளேவோன் பிரிக்கப்பட்டது. அதே புல்லின் தலாசியோலின் என்ற சேர்மம் புற ஊதாக் கதிரால் புண்பட்ட தோலைச் சீராக்குவதாகக் கியூபாவின் கடல்சார் உயிர்ப்பொருள் மையம் 2009-இல் எழுதியது.

இவற்றில் எதுவும் ஒதுங்கிய குவியலைத் தொடவில்லை. உயிருள்ள புல்லைப் பறித்தே ஆய்வுகள் நடந்தன. திருப்பம் பிரான்ஸின் தென்மேற்கில், ஆர்க்காஷோன் உப்பங்கழியில் ஏற்பட்டது. அங்கே சோஸ்டெராவின் சிறிய இனமான நோல்ட்டி, ஐரோப்பாவின் பெரும்படுகைகளில் ஒன்றாகப் பரந்து வளர்கிறது. அதன் செத்தை கரையில் மலைபோல் ஒதுங்குவது உள்ளூராட்சிக்குத் தலைவலி. அள்ளிக் கொட்டுவது ஆண்டுதோறும் செலவு. மிஷெலின் கிரிஞோன்-துபுவா உள்ளிட்ட வேதியியலாளர்கள் அந்தக் குவியலையே ஆய்வுப்பொருளாக எடுத்துக்கொண்டார்கள். 2009-இல் வெளியான அவர்கள் கட்டுரை, ஒரு கிராம் உலர்ந்த சருகில் சில மில்லிகிராமிலிருந்து பத்துக்கும் மேற்பட்ட மில்லிகிராம் வரை ரோஸ்மாரினிக் அமிலம் இருப்பதைக் காட்டியது. துளசியின் மருத்துவக் குணங்களைப் பேசுவோர் அடிக்கடி குறிப்பிடும் அமிலம் அதுவே. அதே ஆண்டில் சோஸ்டெரிக் அமிலத்துக்கும் அந்தச் சருகு ஒரு மூலமாகலாம் என்று எழுதினார்கள். 2013-இல் இக்குழுவிலிருந்து வந்த இன்னொரு கட்டுரை தமிழ்க் கரைக்கு இன்னும் நெருக்கமானது. மத்தியதரைக் கடலின் சைமோடோசியா நோடோசா என்ற புல்லின் ஒதுங்கிய இலைகள் சிக்கோரிக் அமிலத்தின் புதுப்பிக்கத்தக்க மூலமாக அமையும் என்றது அது. பாக் விரிகுடாவில் சோஸ்டெரா குடும்பம் பேருக்கும் பெரிதல்ல. சைமோடோசியாவின் உறவினங்களோ அங்கே பரந்து கிடக்கின்றன: சைமோடோசியா செருலேட்டா, சைமோடோசியா ரொட்டுண்டேட்டா, ஊசி இலை கொண்ட சிரிங்கோடியம்.

இடைக்குறிப்பாக ஒன்று. ரோஸ்மாரினிக் அமிலத்தையும் சிக்கோரிக் அமிலத்தையும் முதலில் பிரித்தவர்கள் ஸ்கார்ப்பாட்டி, ஓரியெந்தே என்ற ஒரே இத்தாலிய இணை, இரண்டும் 1958-இல். ஒன்று ரோஸ்மேரி இலையிலிருந்து, மற்றொன்று சிக்கரிச் செடியிலிருந்து. தமிழ்நாட்டுக் காப்பிப் பொடியில் கலக்கும் அதே சிக்கரிதான். ஆனால் வறுத்த வேரில் அமிலத்தைத் தேட வேண்டாம், அது இலையில் இருக்கிறது.

குவியலிலிருந்து எடுப்பது, சொல்வதைப் போல் எளிதன்று. இலை தண்டிலிருந்து அறுந்த கணத்திலேயே இழப்பு தொடங்குகிறது. பீனால் அமிலங்கள் நீரில் கரைபவை. செல்கள் சாகும்போது சவ்வுகள் கசிந்து, அவை அலையோடு போய்விடுகின்றன. எஞ்சியதைப் பாக்டீரியாவும் பூஞ்சையும் தின்கின்றன, வெயிலும் காற்றும் கருப்பாக்குகின்றன. ஆகவே அலைவிளிம்பில் நேற்று ஒதுங்கிய பச்சை இலையும், மேட்டில் ஒரு மாதமாகக் கிடக்கும் கருஞ்சருகும் ஒரே குவியலாகத் தெரிந்தாலும் ஒரே பொருளன்று. வேதியியலாளருக்கு முதலாவது சரக்கு. இரண்டாவது பெரும்பாலும் நாரும் லிக்னினும். அது உரத்துக்கும் அட்டைக்கும் ஆகும், மருந்துக்கு ஆகாது.

அடுத்த சிக்கல் உப்பு. ஒதுங்கிய புல்லில் மணலும் உப்பும் சிறு சிப்பிகளும், இந்நாளில் வலைத்துண்டும் நெகிழியும் ஒட்டியிருக்கும். நன்னீரில் அலசினால் உப்பு போகும். ஆனால் சல்ஃபேட் ஏறிய சேர்மங்கள் நீரை மிக விரும்புபவை; அலசும் தண்ணீரிலேயே அவற்றில் ஒரு பங்கு வெளியேறும். அலசாவிட்டால் பிரித்தெடுத்த சாறு முழுவதும் உப்பாக இருக்கும். எனவே விரைந்த அலசல், நிழலில் உலர்த்தல், பொடித்தல், பிறகு நீர் கலந்த மெத்தனாலிலோ எத்தனாலிலோ ஊறவைத்தல் என்பதே பொதுவான வரிசை. வடித்த சாற்றை ஆவியாக்கி, அமிலமாக்கி, எத்தில் அசிட்டேட்டுக்கு மாற்றும்போது ரோஸ்மாரினிக் அமிலம் போன்றவை அந்தக் கரைப்பானுக்குப் போகும். சல்ஃபேட் ஏறியவை நீரிலேயே தங்கும். அமிலத்தைக் கொஞ்சம் கூடுதலாகச் சேர்த்துச் சூடாக்கினால் சல்ஃபேட் குழு கழன்று, சோஸ்டெரிக் அமிலம் வெறும் கூமாரிக் அமிலமாகிவிடும். தேடி வந்த பொருள் கையிலேயே காணாமல் போகும். இதனால்தான் ஒதுங்கிய புல்லைப் பற்றிய எந்த அளவீட்டிலும் எண்ணை விட, புல் எந்த மாதத்தில், எத்தனை நாள் கிடந்த பின், எப்படி உலர்த்தி எடுக்கப்பட்டது என்பது முக்கியம். ஆர்க்காஷோன் ஆய்வின் மதிப்பே அது பருவத்தோடு அளவைச் சேர்த்துச் சொன்னதில் இருக்கிறது.

தமிழ்நாட்டில் ஆய்வுகள் இல்லாமலில்லை. 2008-இல் பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியினர் மன்னார் வளைகுடாவின் கடற்புற்களைக் கணக்கெடுத்து அவற்றின் தாவர வேதிப்பொருள்களை ‘பொட்டானிக்கா மரீனா’ இதழில் எழுதினர். 2010-இல் பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்தினர் அதே வளைகுடாவின் புற்களில் ஆக்சிஜனேற்றத் தடுப்பான்களை மென்படல வண்ணப்பிரிகை முறையில் தேடினர். அழகப்பா பல்கலைக்கழகத்தின் தொண்டி வளாகத்திலிருந்து கிருமி எதிர்ப்பு, கொசுப்புழு ஒழிப்பு பற்றிய கட்டுரைகள் வந்தன. ஆயினும் இந்த வகைக் கட்டுரைகளின் பொது அமைப்பில் ஒரு குறை தென்படுகிறது. மாதிரி உயிருள்ள படுகையிலிருந்து பறிக்கப்படுகிறது. கச்சாச் சாறு எடுக்கப்படுகிறது. கிருமி வளர்த்த தட்டில் அந்தச் சாறு உண்டாக்கிய தடுப்பு வளையம் இத்தனை மில்லிமீட்டர் என்று அளக்கப்படுகிறது. மருந்தாகும் வாய்ப்பு உண்டு என்ற வாக்கியத்தோடு கட்டுரை முடிகிறது. சாற்றில் வேலை செய்தது எந்தச் சேர்மம், அதன் கட்டமைப்பு என்ன, ஒதுங்கிய இலையிலும் அது எஞ்சுகிறதா என்ற மூன்று கேள்விகளும் தொடப்படாமலேயே நிற்கின்றன. தட்டில் ஒரு வளையம் தெரிவதும் மருந்துக் கடையில் ஒரு புட்டி நிற்பதும் வெவ்வேறு உலகங்கள். நடுவில் இருபது ஆண்டும் பெருஞ்செலவும் உண்டு.

ஒதுங்கியதா, பறித்ததா என்ற வேறுபாடு ஆய்வு முறையோடு நின்றுவிடுவதில்லை. அது கடலின் கணக்கையே மாற்றும். இதற்குத் தமிழ்க் கரையில் ஒரு முன்வரலாறு இருக்கிறது. அது தாழையின் வரலாறு அன்று, பாசியின் வரலாறு.

1927-இல் சென்னை அருங்காட்சியகம் குருசடைத் தீவின் கரையோர உயிரினங்களைப் பற்றிய ஏட்டை வெளியிட்டது. அதே வரிசையில் பாசியியலின் முன்னோடியான எம்.ஓ.பி. ஐயங்கார் அத்தீவின் தாவரங்களைப் பற்றி எழுதினார். அப்போது அவை அறிவுக்கான பொருள்கள். இரண்டாம் உலகப்போரில் ஜப்பானிலிருந்து அகார் வருவது நின்றது. கிருமி வளர்க்க அகார் இல்லாமல் மருத்துவக் கூடங்கள் திணறின. உள்நாட்டுப் பாசியிலிருந்து அகார் எடுக்கும் முயற்சி 1940களில் தொடங்கியது. 1947-இல் நிறுவப்பட்ட மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1949-இல் மண்டபம் முகாமுக்கு வந்தது. அங்கே பிரான்செஸ்கா திவி இந்திய அகார்களின் தன்மைகளை ஆராய்ந்து 1951-இல் எழுதினார். 1966 முதல் தமிழ்நாட்டுக் கரையில் பாசி வணிக அளவில் எடுக்கப்படலாயிற்று.

பெயர்களைப் பார்த்தால் அந்த வணிகத்தின் நடையே தெரியும். ஜெலிடியெல்லா என்பது மரிக்கொழுந்துப் பாசி. கிராசிலேரியா எடுலிஸ், கஞ்சி காய்ச்சப் பயன்பட்டதால், கஞ்சிப்பாசி. சர்காசம் கட்டக்கோரை. டர்பினேரியா பக்கோடாப் பாசி. 2000களின் தொடக்கத்தில் பெப்சி நிறுவனத்தின் ஆதரவோடு மண்டபம் பகுதியில் வளர்க்கப்பட்ட வெளிநாட்டுக் கப்பாஃபைகஸுக்கு மக்கள் வைத்த பெயர் பெப்சிப் பாசி. மணத்தையும் கஞ்சியையும் பலகாரத்தையும் சொன்ன பெயர் வரிசையில் கடைசியாக ஒரு நிறுவனம் வந்து உட்கார்ந்தது. 2008-இல் அந்தப் பாசி குருசடைத் தீவின் பவளத்தின்மேல் படர்ந்திருப்பது பதிவாயிற்று.

மரிக்கொழுந்துப் பாசியை எடுத்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். கண்ணாடி அணிந்து, பாறையில் கால் கிழியாமல் துணியும் தகடும் கட்டி, மூச்சடக்கி மூழ்கிப் பறித்தார்கள். அகார் ஆலைகளுக்குத் தொடர்ச்சியான சரக்கு வேண்டும். கரையில் ஒதுங்கும் பாசி காற்றை நம்பியது. ஆகவே பறிப்பது தவிர வேறு வழி இருக்கவில்லை. நல்ல பாசி மெலிந்தது. 1986-இல் 21 தீவுகளைக் கொண்ட கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டபோது, தலைமுறையாகப் பாசி எடுத்த இடங்கள் ஒரே நாளில் தடைசெய்யப்பட்ட இடங்களாயின. சரக்கைக் கேட்ட தொழிலுக்கு எதுவும் ஆகவில்லை. சரக்கைக் கொண்டுவந்த பெண்கள் வனத்துறைக்கு அஞ்சி ஓட வேண்டியதாயிற்று. பின்னர் அவர்களே கூடிப் பேசி, மாதத்தில் 12 நாட்களுக்கு மட்டுமே எடுப்பது, இனப்பெருக்கக் காலத்தில் நிறுத்தி வைப்பது என்று தங்களுக்குக் கட்டுப்பாடு விதித்துக்கொண்டார்கள். 2015-இல் பாம்பனை ஒட்டிய சின்னப்பாலத்தின் பாசி எடுக்கும் பெண் ஒருவருக்குச் சீகாலஜி விருது கிடைத்தது இந்தக் கட்டுப்பாட்டை முன்னிட்டே.

தாழைக்கு இன்னும் அப்படி ஒரு சந்தை பிறக்கவில்லை. பிறந்தால் அதன் முதல் வாக்கியம் ‘வீணாகும் கழிவிலிருந்து’ என்றே தொடங்கும். அந்த வாக்கியம் பாதி உண்மை. கரையில் ஒதுங்கிய புல் அலையின் வேகத்தை உறிஞ்சி மணலைப் பிடித்து வைக்கிறது. அதனுள் வாழும் சிறு பூச்சிகளை நம்பிக் கரைப்பறவைகள் வருகின்றன. மக்கி, கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பவும் கடலுக்கே உரமாகிறது. மத்தியதரைக் கரைகளில் சுற்றுலாவுக்காகப் பொசிடோனியாக் குவியலை வாரி எறிந்த இடங்களில் மணலும் சேர்ந்து போனதை அங்குள்ள ஆய்வாளர்கள் நெடுநாளாகச் சொல்லிவருகிறார்கள். ஆகவே ஒதுங்கியதை எடுப்பதும் இலவசம் அன்று. ஆனாலும் படுகையை அறுப்பதோடு ஒப்பிட்டால் அதன் விலை மிகக் குறைவு. ஆலை ஒன்று ஆண்டு முழுதும் ஓட வேண்டும் என்று தீர்மானித்த பின், வாடை நின்ற மாதங்களில் அதற்கு எங்கிருந்து சரக்கு வரும் என்பதே கேள்வி. அகாரின் வரலாறு இந்தக் கேள்விக்கு ஏற்கெனவே ஒரு பதில் சொல்லியிருக்கிறது.

தாழைப் படுகையை வேறொரு உயிரும் நம்பியிருக்கிறது. ஆவுளியா என்று பாக் விரிகுடாவில் அழைக்கப்படும் கடற்பசு, நாளொன்றுக்கு 30 முதல் 40 கிலோ வரை பச்சைப் புல் தின்னும். 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைத் தமிழ்நாடு அரசு கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் அவ்வகையில் அதுவே முதலாவது. அதே கரையில், மல்லிப்பட்டினத்தைச் சுற்றி, இழுவை மடியால் அறுந்த படுகைகளில் மூங்கில் சட்டத்திலும் தென்னை நார்க் கயிற்றிலும் புல்லைக் கட்டி மீண்டும் நடும் வேலை நடந்துவருகிறது. ஒருபுறம் ஒவ்வொரு தண்டாக நடுகிறார்கள். மறுபுறம் அந்தத் தண்டுக்கு விலை வைக்கப்போகிறார்கள் என்றால், இடையே ஒரு தெளிவான கோடு தேவை.

சட்டத்தில் அந்தக் கோடு பாதிதான் வரையப்பட்டிருக்கிறது. 2011-இன் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையும் அதற்குப் பின்வந்த 2019-இன் அறிவிக்கையும் கடற்புல் படுகைகளைச் சூழலியல் நோக்கில் மிக நொய்மையான பகுதிகளாக வகுத்தன. கரையில் ஒதுங்கிய புல் படுகை அன்று. உள்ளாட்சியின் கண்ணில் அது குப்பை. அள்ளுவோருக்குக் கூலி கொடுத்து அகற்ற வேண்டியது. 2002-இன் உயிரியல் பல்வகைமைச் சட்டத்தின் கண்ணிலோ அது உயிரியல் வளம், ஏனெனில் தாவரத்தின் பகுதியும் அச்சட்டத்தின் வரையறைக்குள் அடங்கும். வணிக நோக்கில் எடுக்கும் நிறுவனம் மாநிலப் பல்லுயிர் வாரியத்துக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். கிடைக்கும் பயனில் உள்ளூர் மக்களுக்குப் பங்கு உண்டு. பெப்சிப் பாசி வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியானபோது, இதே சட்டத்தின்கீழ் தேசியப் பல்லுயிர் ஆணையத்துக்கு உரிமைத்தொகை செலுத்தப்பட்டது. ஒரே குவியல் ஓர் அலுவலகத்தில் குப்பையாகவும் இன்னோர் அலுவலகத்தில் வளமாகவும் இருக்கும்வரை, அதை முதலில் அள்ளுபவர் எந்தப் பெயரால் அள்ளுகிறார் என்பதைப் பொறுத்தே பங்கும் தீர்மானமாகும். குப்பை என்று அள்ளினால் ஊருக்குச் சேர வேண்டிய பங்கு என்ற பேச்சே எழாது.

அச்சட்டத்தின்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அது மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டைத் தயாரிக்க வேண்டும். தொண்டியிலோ தேவிபட்டினத்திலோ அந்தப் பதிவேட்டை நிரப்புபவர் ‘கடற்பாசி’ என்ற ஒரே தலைப்பின்கீழ் எல்லாவற்றையும் எழுதிவிட்டால், தாழை அதில் இல்லாமலே போகும். பதிவேட்டில் இல்லாத ஒன்றுக்குப் பங்கு கேட்பது கடினம். அதன் படிவத்தில் உள்ளூர்ப் பெயருக்கென்று ஒரு கட்டம் இருக்கிறது. கிடைக்கும் பருவத்துக்கு இன்னொன்று, பயனுக்கு மற்றொன்று. எந்தத் தாழை, வாடையின் எந்த வாரத்தில், எந்த ஓரத்தில் பச்சையாக ஒதுங்கும், எத்தனை நாளில் கருக்கும் என்பதை அந்தக் கட்டங்களில் எழுதக்கூடியவர்கள் அந்தக் கரையிலேயே இருக்கிறார்கள். ஆர்க்காஷோனில் ஆய்வகம் பருவந்தோறும் மாதிரி எடுத்துக் கண்டறிந்த கணக்கும் அதுவே.